பலகையைத் தொடாமல் ஒரு பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் முதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற திறன் பயிற்சித் திட்டத்தில் 4,000 வெள்ளி கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் எம்பெடட் மென்பொருள், அதாவது கருவிகளுக்குள்ளேயே இருந்து அவற்றை இயக்கும் மென்பொருள், எழுதும் எங்களுக்கு ஏற்ற பயிற்சி வேண்டுமே!

அண்மையில் சென்ற கருத்தரங்கில் நாள் முழுக்க ஸ்லைடுகள்தான். மேசையில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (சிறு கணினிச் சில்லு) பலகைகூட இல்லை.

எங்கள் வேலையில் சிக்கல்கள் நுணுக்கமானவை. இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறிக்கும் சமிக்ஞை) வரும்போது மதிப்பு மாறும் ஒரு மாறியை, சி மொழியில் ‘வோலட்டைல்’ (எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியது) என்று அறிவிக்காமல் விட்டால், சோதனையில் ஒழுங்காக ஓடிய நிரல், கம்பைலர் ஆப்டிமைசேஷனை (நிரலை வேகமாக்கும் தானியங்கி மாற்றங்களை) முடுக்கியதும் பழைய மதிப்பையே பார்த்தபடி முடிவில்லாமல் சுற்றக்கூடும். இதை ஸ்லைடில் படித்தவர் மறந்துவிடலாம். பிழை தேட உதவும் டீபக்கரில் நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. மாலையிலும் சனிக்கிழமைகளிலும் அங்கே சிறு வகுப்புகள் நடத்தலாம். ஆளுக்கொரு பலகை, இருவருக்கு ஓர் ஆசிலோஸ்கோப் (மின்சமிக்ஞைகளைத் திரையில் காட்டும் கருவி) போதும். கற்பிப்பவர் இன்றும் இத்தொழிலில் இருப்பவராக இருக்க வேண்டும். இது மிக முக்கியம். சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?

இப்படிக்கு,
ஓர் எம்பெடட் பொறியாளர்,
உட்லண்ட்ஸ்