சிமென்ட் பூசினால் சுவர் ஆறாது

ஆசிரியருக்கு,

மழை ஓய்ந்ததும் குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய ஓட்டு வீடுகளில் காரை பெயர்ந்த இடத்தையெல்லாம் சிமென்டால் அடைத்துவிடுகிறார்கள். மண் சாந்தில் கட்டி, சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் அதை உள்ளேயே அடைக்கிறது. உப்புப் பூத்து, ஓரத்தில் இருக்கும் நல்ல காரையும் உதிர்கிறது.

முதலில் விரல் முட்டியால் தட்டுங்கள். 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தை மட்டும் உளியால் எடுத்தால் போதும். செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி, தூசியைப் பிரஷால் தட்டி, தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிட்டால் பிடிப்பே இராது.

சாந்துக்கு ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பள்ளம் ஆழமாக இருந்தால் இரண்டு மூன்று தடவையாக, இடையில் ஒரு வாரமாவது விட்டுப் பூசலாம். அவசரப்பட்டு மொத்தமாக அப்பினால் தொங்கும், வெடிக்கும். பூச்சு சட்டென்று காயாமலிருக்க அதன் முன்னே ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து, பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

உறைபனிக் காலத்தில் தொடவே கூடாது. பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை தோது. மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். வெள்ளையடியுங்கள்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் வேறு கதை. அதன் நுனியில் பென்சிலால் தேதி குறியுங்கள். நீண்டால் கோளாறு அஸ்திவாரத்தில் இருக்கலாம்; பொறியாளரை அழையுங்கள்.

ஒரு வாசகர்,
கோத்தகிரி