லைட்ஹவுஸ் பாறைக்கு மதியத்தில் நடக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டெக்சஸ் மாநிலத்தின் பாலோ டூரோ கேன்யன் மாநிலப் பூங்கா பற்றிய பயணக் கட்டுரை படிக்க நன்றாக இருந்தது. ஆனால் ‘மதியச் சாப்பாடு முடிந்ததும் லைட்ஹவுஸ் பாறைவரை நடந்து வரலாம்’ என்ற யோசனையைக் கோடையில் போகிறவர்கள் நம்பிவிடக் கூடாது.

அந்தப் பாதை போக வர சுமார் 9 கிலோமீட்டர். வழியில் தண்ணீர்க் குழாய் கிடையாது, நிழலும் அரிது. ஜூலையில் பள்ளத்தாக்கின் அடியில் வெயில் 38 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பெரும்பகுதி ஏற்றமில்லாத வழி என்பதுதான் ஆளை ஏமாற்றுகிறது. செங்குத்தான ஏற்றம் கடைசியில்தான், கால் களைத்த பிறகு வருகிறது. காலையில் பூங்கா வாசல் திறந்ததுமே கிளம்புங்கள். ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் பாதி தீர்வதற்குள் பாறையை எட்டவில்லை என்றால் திரும்பிவிடுவதே புத்தி. கோடையில் நாயைக் கூட்டிப்போவது பாவம்; சுடுமண்ணில் அதன் பாதம் வெந்துவிடும்.

மழை பெய்தால் கதையே வேறு. செங்களிமண் செருப்பில் அப்பி நடக்கவிடாது. பாதை குழிவிழுந்து கெடும் என்று மூடியும் விடுவார்கள். பூங்காச் சாலை ரெட் ஆற்றின் கிளையைத் தாழ்வான இடங்களில் கடக்கிறது. மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே வெள்ளம் வரும். தண்ணீர் ஓடும்போது காரை இறக்காமல், வடியும்வரை காத்திருக்க வேண்டும்.

வரலாற்றிலும் ஒரு திருத்தம். 1874 செப்டம்பர் 28 அன்று அமெரிக்க ராணுவத்தின் கர்னல் மெக்கன்சியின் படை கொமான்சி, கியோவா, செயென் என்ற பூர்வகுடி மக்களின் முகாம்களைத் தாக்கியது பாலோ டூரோவில்தான். ஆனால் பிடித்த குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுக் கொன்றது தெற்கே டூலி கேன்யனில். அன்று செத்த மனிதர்கள் சிலரே. குளிர்காலத்துக்குச் சேர்த்த உணவும் கூடாரங்களும் எரிந்து, குதிரைகளும் போனதால்தான் அம்மக்கள் சரணடைய நேர்ந்தது. கட்டுரை இதை வெறும் போர் வெற்றியாகச் சொல்லிக் கடந்துவிட்டது.

1930களின் வேலையில்லாத் திண்டாட்டத்தில் அரசு வேலைக்கு எடுத்த இளைஞர்களும் முன்னாள் படைவீரர்களும் அமைத்ததே கீழே இறங்கும் சாலை. இன்றைய பார்வையாளர் மையமும் அவர்கள் எழுப்பிய கற்கட்டடம்தான். அந்தச் சாலையில் இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் தாழ்ந்த கியரில் போங்கள்.

வார இறுதி என்றால் நுழைவுச் சீட்டை முன்பதிவு செய்துகொள்வது நல்லது. பூங்கா நிறைந்துவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். நடப்பதற்கு அக்டோபர், நவம்பரே தோது.

வாசகர்,
அமரில்லோ