மீனுக்குத் தண்ணீர் கொடு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பானையில் மாவு தனியாக, மீன் தனியாக மிதக்கிறது. வேலை முடிந்து வந்து, மெல்பர்ன் குளிரில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து மாவுக்குள் மீன் வைத்து, கொழுக்கட்டை மாதிரி 40 டம்ப்ளிங் மடித்து, கடைசியில் இப்படி ஆனால் யாருக்கும் அழுகை வரும். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி சிங்தாவ்காரர் என்பது உனக்குத் தெரியும். சீனாவில் சாந்தோங் மாநிலத்துக் கடற்கரை ஊர். நம் சிங்கப்பூர்க் கடைகளில் நீ ஆசையாகச் சாப்பிடும் ஹார் காவ், கண்ணாடி மாதிரி உள்ளே இறால் தெரியுமே, அது தெற்கே குவாங்சோ பக்கத்துப் பலகாரம். கோதுமை ஸ்டார்ச்சில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பிசைய வேண்டும். அதை இப்போதைக்குத் தொடாதே. ஆண்ட்டி செய்வது ஜியாவ்ஸ் என்கிற வடக்கத்தி டம்ப்ளிங். சாதாரண கோதுமை மாவும் பச்சைத் தண்ணீரும் போதும்.

உள்ளே வைக்கும் மீனை அவர்கள் பா யூ என்கிறார்கள். அதுவும் நம் வஞ்சிரமும் ஒரே குடும்பம். வசந்த காலத்தில் சிங்தாவ் மருமகன்கள் இந்த மீனை வாங்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போவார்களாம். ‘பா யூ துள்ளினால் மாமனார் சிரிப்பார்’ என்று பழமொழியே இருக்கிறது. ஆண்ட்டி இதைச் சொன்ன வாரமே தேக்கா சந்தையில் ஒரு முழு வஞ்சிரம் வாங்கி உன் தாத்தாவிடம் கொடுத்தேன். அன்று அவர் முகம் மலர்ந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அங்கே ஸ்பானிஷ் மேக்கரல் என்று கேள். வெறும் மேக்கரல் என்றால் கானாங்கெளுத்தி மாதிரி ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள்.

நீ மீனைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கிறாய். கீரையோடு உப்பையும் முதலிலேயே சேர்த்துவிட்டாய். உப்புப் பட்டதும் கீரை நீர் விட்டது, மடிப்பு ஓரம் நனைந்தது, ஒட்டவில்லை. மீனோ வறண்டு புட்டு மாதிரி ஆகிவிட்டது.

இனி இப்படிச் செய். 400 கிராம் சதையைக் கரண்டியால் சுரண்டி எடு. கருஞ்சிவப்புச் சதையை ஒதுக்கிவிடு, கவிச்சி அதில்தான். மீதியை நன்றாகக் கொத்து. சிச்சுவான் மிளகும் இஞ்சியும் வெந்நீரில் ஊறி, ஆறி, வடிகட்டிய தண்ணீர் சுமார் 150 மில்லி வேண்டும். உப்புச் சேர்த்து, அந்தத் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக விட்டு, ஒரே பக்கமாகக் கலக்கு. முந்தையது உள்ளே போன பிறகுதான் அடுத்தது. மீனின் புரதம் உப்பில் இளகிப் பசையாகித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மீன் உருண்டைக்கும் இதேதான் சூட்சுமம். கை வலிக்கும், நிறுத்தாதே. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். ஆண்ட்டி பன்றிக் கொழுப்பும் போடுவார். ஆனால் நம் வீட்டுக்கென்று செய்யும்போது, அம்மாவுக்காக, அதை விட்டுவிட்டு முட்டை வெள்ளையும் கடலை எண்ணெயும் சேர்ப்பார். யாரும் கேட்காமலே செய்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

கூச்சாய் கீரையை, அதுதான் பூண்டு வாசனை அடிக்கும் அந்த நீளத் தாளை, பொடியாக நறுக்கி, எண்ணெயில் புரட்டி, மடிப்பதற்குச் சற்று முன் கல.

மாவு 300 கிராமுக்குத் தண்ணீர் 150 மில்லி, அரை மணி நேரம் மூடி வை. பிறகு சின்னச் சின்ன அப்பளமாகத் தேய். நடுவில் தடிப்பாக, ஓரம் மெலிதாக இருக்கட்டும். ஓரத்தில் எண்ணெய் படக்கூடாது.

பெரிய பானையில் நிறையத் தண்ணீர். போட்டதும் கரண்டியின் பின்புறத்தால் மெல்லத் தள்ளிவிடு. பொங்கும்போதெல்லாம் ஒரு கப் பச்சைத் தண்ணீர் ஊற்று, மூன்று முறை. மேலே மிதந்து வயிறு உப்பினால் எடுத்துவிடு. கறுப்பு வினிகரில் பூண்டைத் தட்டிப் போட்டுத் தொட்டுக்கொள். மிஞ்சியதை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறைய வை. பிறகு இளக விடாமல் அப்படியே கொதிநீரில் போடலாம்.

ஆண்ட்டியிடம் உன் படத்தைக் காட்டினேன். மடிப்பு அழகாக இருக்கிறது என்றார். ஞாயிறு மாலை நாங்களும் இங்கே செய்கிறோம். மீனைக் கலக்கும்போது வீடியோவில் கூப்பிடு, பசை வந்துவிட்டதா என்று ஆண்ட்டி பார்த்துச் சொல்வார்.

அன்புடன்,
அப்பா