எலும்பு நோவுதுன்னா அசதின்னு விட்டுடாத பாப்பா

பாப்பா, நேத்து போன்ல இடுப்பு வலிக்குது, முழங்காலுக்குக் கீழ எலும்பே நோவுது, வயசானவங்கள தூக்கி தூக்கி வந்த அசதின்னு சொல்லிட்டு வச்சிட்ட, அதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. போன மழைக்காலத்துல எனக்கு இருந்ததும் இதேதான், நம்ம மாடிப்படி ஏறக்குள்ள தொடையில வலுவே இருக்காது, தரையில உக்காந்தா கைய ஊனாம எந்திரிக்க முடியாது. டாக்டர் ரத்தத்துல வைட்டமின் டி பாக்க சொன்னாரு, ஒரு மில்லிக்கு 11 நானோகிராம்தான் இருந்துச்சு, 20க்குக் கீழ போனாலே குறைச்சலாம். ரங்கூன் வெயில்லயான்னு உங்கப்பா கேக்குறாரு. வெயில் இருந்து என்ன, பகல் பூரா தெயின்ஜி சந்தையில கடைக்குள்ளதான இருக்கேன், வெளிய வந்தா குடை, முழுக்கை சட்டை, அதோட நம்ம கருத்த தோலுக்கு வெயில் கூடுதல் நேரம் படணுமாம்.

ஜப்பான்ல, சப்போரோவுல உனக்கு இன்னும் மோசம். குளிர்காலத்துல சூரியன் தாழ்வாவே போகும், தோல்ல வைட்டமின் டி உண்டாக்குற கதிர் கீழ வர்றதே கம்மி, நீயோ பகலெல்லாம் அந்த முதியோர் இல்லத்துக்குள்ள. ஜன்னல் ஓரமா உக்காந்தா போதும்னு இருக்காத, அந்தக் கதிர் கண்ணாடிய தாண்டி வராது.

இந்த வைட்டமின் இல்லன்னா பாலு, நெத்திலின்னு எவ்ளோ சாப்பிட்டாலும் அதுல உள்ள கால்சியத்துல நூத்துக்கு 10, 15 பங்குதான் குடல் எடுக்கும். ரத்தத்துக்கு கால்சியம் கட்டாயம் வேணும்ல, அதனால உடம்பு எலும்புல இருந்தே உருவிக்கும். இப்படியே போனா எலும்பு கெட்டித்தன்மை போயி மெத்துன்னு ஆயிடும், ஆஸ்டியோமலேசியான்னு பேரு, லேசா விழுந்தாலே முறியும். இடுப்பு ஒடஞ்சு கெடக்குற பாட்டிங்கள தினமும் திருப்பிப் படுக்க வைக்கிறவ நீ, உனக்கு நான் சொல்லணுமா.

ஆனா நீயா மாத்திரை வாங்கி முழுங்காத, முதல்ல டெஸ்ட். குறைச்சலா இல்லையான்னு பாக்காம பொதுவா 50 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்கு குடுத்துப் பாத்ததுல எலும்பு முறிவு ஒன்னும் குறையலன்னு அமெரிக்காவுல 25,000 பேருக்கு மேல ஆராய்ச்சி பண்ணி 2022ல சொல்லிருக்காங்க. உன் வயசுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும், டாக்டர் சொல்லாம 4000க்கு மேல போகவே கூடாது, கால்சியம் ஏறி வாந்தி வரும், கிட்னில கல்லு வரும்.

உங்க ஊர்ல சால்மன் நல்லா கெடைக்கும்ல, அதுல இது நெறைய இருக்கு, மஞ்சள் மொளகா தடவி ரெண்டு துண்டு வறுத்துக்கோ. லீவுக்கு காத்திருக்காம இந்த வாரமே போயி ரத்தம் குடுத்துட்டு வா, ரிசல்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு, நம்பர் எவ்ளோன்னு நான் பாக்கணும்.

அம்மா