பாலையாவைப் பற்றி மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும், வீட்டில் எல்லோருக்கும் அந்த வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. பேத்தியைப் பாதி வருஷத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதுதான் இப்போதைய கவலை. அதெல்லாம் அடுத்த கடிதத்தில். உன் கடைசிப் பக்கத்துக்கு முதலில் பதில் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

உன் பேரன் போனில் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பார்த்துவிட்டு, "பயப்படுறாரே அந்தத் தாத்தா, அவர் வேற என்ன படத்துல நடிச்சிருக்கார்?" என்று கேட்டானாம். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ஒண்ணுதான்டா அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது" என்று சொன்னாயாம். மாப்ளே, நீயே இப்படிச் சொல்லலாமா? டி.எஸ். பாலையாவுக்கு அந்த ஒரு காட்சிதான் என்று ஆகிவிட்டால் மீதி முப்பது வருஷ உழைப்பு எங்கே போவது?

அந்தக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். பேச்செல்லாம் மகனாக வரும் நாகேஷுக்கு. சத்தமும் சேஷ்டையும் அவருக்குத்தான். பாலையா செய்வது ஒன்றே ஒன்று, கதை கேட்கிறார். முதலில் 'இந்தப் பயல் என்னத்தைச் சொல்லிவிடப் போகிறான்' என்று ஒரு அலட்சியம். பிறகு, சரி கேட்போமே என்று ஒரு சாய்வு. அப்புறம் கண் விரிகிறது, வாய் தானாகத் திறந்து மூடுகிறது. தான் பயந்துவிட்டோம் என்பது மகனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற தகப்பனின் கௌரவமும் அந்தப் பயத்தோடு கூடவே முகத்தில் ஓடுகிறது. அவர் பயப்படுவதால்தான் நாகேஷின் கதை கதையாகிறது. பாலையாவை மறைத்துவிட்டு நாகேஷை மட்டும் பார், பாதிச் சிரிப்பு போய்விடும். எதிரில் இருப்பவனைத் தூக்கிக் காட்டுகிற நடிப்பு அது. அவரை நாம் மறந்ததற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். சிரித்து முடித்ததும் நாகேஷ் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம்.

அதே படத்தில் இன்னொரு இடம். வேலையை விட்டு விரட்டிய பையன் பெரிய பணக்காரர் வீட்டுப் பிள்ளை என்று நம்பிய பிறகு, "அசோகர் உங்க மகருங்களா?" என்று கேட்பாரே! உடம்பைப் பார், நேற்று வரை நிமிர்ந்து நின்ற எஸ்டேட் முதலாளி இடுப்பு வரை குழைகிறார். ஒரு மனுஷனின் பேராசையை இவ்வளவு அன்பாக யாரும் காட்டியதில்லை. அவரை வெறுக்கவே முடியாது.

ஆனால் வெறுக்க வைப்பதுதான் அவருடைய முதல் தொழில். 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி'தான் அவருக்கு முதல் படம். எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் அதுவே முதல் படம். அதில் பாலையா வில்லன். மறு வருஷமே 'அம்பிகாபதி'யில் தியாகராஜ பாகவதரோடு வாள் சுழற்றுகிற ருத்ரசேனன். இருபது வருஷம் கழித்து 'மதுரை வீரன்' வருகிறபோதும் எம்.ஜி.ஆருக்கு எதிரே நரசப்பனாக நிற்கிறார். ஆனால் இந்த வில்லன் வேறு ஆள். பொறாமையில் வெந்துகொண்டே நம்மைச் சிரிக்கவும் வைக்கிற வில்லன். நடுவில் 'தூக்குத் தூக்கி'யில் சேட்டாக வந்து தமிழைக் கடித்துத் துப்பியதை நீயும் நானும் ஒரு காலத்தில் பேசிப் பேசிச் சிரித்திருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா? இதையெல்லாம் விட்டுவிட்டு 'ஒண்ணுதான்' என்கிறாயே.

1949-இல் வந்த 'வேலைக்காரி' அண்ணாவின் வசனத்துக்காகப் பேசப்படுகிற படம். கே.ஆர். ராமசாமி கத்தியோடு பழிவாங்கக் கிளம்புகிறபோது தடுத்து, புத்தியைத் தீட்டச் சொல்கிற நண்பன் மணி யார்? பாலையாதான். அதுவரை வில்லன் என்று முத்திரை குத்தப்பட்டவர், அங்கே ஆத்திரக்காரனுக்கு நிதானம் சொல்கிறார். அடுக்கு வசனம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஆனாலும் பாலையா பேசினால் பக்கத்தில் இருக்கிறவனிடம் பேசுகிற மாதிரியே இருக்கும். மேடையில் வளர்ந்த எத்தனையோ பேருக்குக் கடைசி வரை அது கைவரவில்லை.

'திருவிளையாடல்' உனக்கு மனப்பாடம் என்று தெரியும். இருந்தாலும் அடுத்த முறை ஹேமநாத பாகவதராக வரும் பாலையாவை மட்டும் பார். 'ஒரு நாள் போதுமா' பாட்டில் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. அந்தக் குரலுக்கு ஒரு கர்வம் வேண்டும், அதைக் கொடுத்தது பாலையாவின் கழுத்தும் புருவமும் கையும். சபையை ஒரு பார்வை, சிஷ்யர்களை ஒரு பார்வை, நடுவில் தன் பாட்டைத் தானே ரசிக்கிற ஒரு தலையசைப்பு. பாடத் தெரிந்தவன் கர்வப்படுவதற்கும் தெரியாதவன் கர்வப்படுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இவர் காட்டுவது முதல் வகை. வித்தை இருக்கிறது, அடக்கம்தான் இல்லை. அதனால்தான் விறகுவெட்டியாக வந்த சிவன் பாடக் கேட்டு அவர் ஒடுங்குகிறபோது நமக்குப் பரிதாபமாக இருக்கிறது. அந்த இடத்திலும் பாட்டு சிவாஜிக்கு, கேட்கிற வேலைதான் பாலையாவுக்கு. பேய்க்கதை கேட்ட அதே காது என்று சொன்னால் நம்புவாயா? அங்கே பயம், இங்கே தன்னைவிடப் பெரியதைக் கண்டுகொண்ட வித்வானின் நடுக்கம்.

மூன்று வருஷம் கழித்து, அதே ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் 'தில்லானா மோகனாம்பாள்'. பாலையா தவில் முத்துராக்கு. சிவாஜியின் நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம் கோபக்காரர், எதற்கெடுத்தாலும் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் கோபத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதட்டாமல், கெஞ்சாமல், ஒரு பார்வையாலும் பாதி வாக்கியத்தாலும் செட்டைக் கட்டிக் காப்பாற்றுகிறவர் முத்துராக்கு. விரலில் கூடு மாட்டிக்கொண்டு தவிலை வாங்குகிற தோரணையைப் பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தவில்காரர் என்று சத்தியம் செய்வாய். நாயனக்காரரின் மூச்சைப் பார்த்து வாசிக்கிற பார்வை அது. நிஜமாகவே வாசிக்கிறாரோ என்று சின்ன வயதில் நாம் சண்டை போட்டிருக்கிறோம்.

எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே 'பாகப்பிரிவினை'. 1959, பீம்சிங் படம். எல்லோரும் சிவாஜியின் கண்ணையனைப் பேசுவார்கள், எம்.ஆர். ராதாவின் சிங்காரத்தைப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அந்த வீட்டின் மூத்தவர் பாலையா, இளையவர் எஸ்.வி. சுப்பையா. மூத்தவருக்குத் தம்பி மேல் உயிர். மனைவி சொல்லையும் தட்ட முடியவில்லை. வீடு இரண்டாகிறது, நடுவில் சுவர் எழும்புகிறது. அங்கே பாலையா பெரிதாக எதுவும் பேசுவதில்லை, அழுது புரளுவதும் இல்லை. அண்ணன் என்ற அதிகாரத்தை முகத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார், உள்ளே எல்லாம் இடிந்துகொண்டிருப்பது கண்ணில் மட்டும் தெரிகிறது. பங்கு பிரித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த முகம் தெரியும். என் பெரியப்பாவிடம் நான் பார்த்த முகம் அது. வில்லன், கோமாளி, கர்வி என்று வேஷம் கட்டிய அதே ஆள்தான் இவரும்.

'பாமா விஜயம்' அப்பாவை விட்டுவிடுகிறேன். அதை நீயே பேரனுக்குச் சொல்லிவிடுவாய், 'வரவு எட்டணா' பாட்டைப் போட்டாலே போதும்.

1972-இல், அறுபது வயதுகூட நிறையாமல் போய்விட்டார். பாகவதருக்கு வில்லனாக ஆரம்பித்தவர், ரவிச்சந்திரனின் முதல் படமான 'காதலிக்க நேரமில்லை'யில் அவருக்கு மாமனாராக நின்றார். நாயகர்கள் தலைமுறை தலைமுறையாக மாறினார்கள், அவர்களுக்கு எதிரே நிற்க இவர் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தார். போஸ்டரில் பெரிய எழுத்து கிடைத்தவர்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. இவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லோரும் அந்தப் பேய்க்கதைக்கே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம், மாப்ளே.

பேரனுக்கு முதலில் 'திருவிளையாடல்' காட்டு, பாட்டு இருப்பதால் உட்கார்ந்து பார்ப்பான். 'பாகப்பிரிவினை'யை மட்டும் நீ தனியாகப் பார். பார்த்துவிட்டு, அண்ணனா தம்பியா, யார் உன்னை அதிகம் கலங்க வைத்தது என்று எழுது. டாக்டர் சரி என்றால் பேத்தியின் லீவுக்கு நாங்கள் எல்லோரும் அங்கே வருகிறோம். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு
உன் மாப்ளை