அதே ஆண்டில், அதே அமீரின் கையால்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மத்திய ஆசிய வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 1842இல் புகாரா அமீர் நஸ்ருல்லா கொன்ற ஸ்டோடார்ட், கானலி என்ற இரு ஆங்கிலேய அதிகாரிகளின் கதை அதில் விரிவாக இருந்தது. அவர்களை அடைத்து வைத்த சிறை பற்றியும் படித்தோம். அதே ஆண்டில், அவர்களைக் கொல்வதற்குச் சற்று முன்புதான், அதே அமீர் இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள கோகந்த் நகரைப் பிடித்து, அங்கே ஒரு கவிஞரையும் கொன்றார். அவர் நாதிரா. அவரைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம். வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்ததையே நாமும் வரலாறு என்று எடுத்துக்கொள்வதால் நேரும் குறை இது.

நாதிரா 1792இல் அந்திஜானில் பிறந்தவர். பாபர் பிறந்த அதே ஊர். இயற்பெயர் மோஹ்லரோயிம், தந்தை அந்திஜானின் ஆளுநர். பின்னாளில் கோகந்தை ஆண்ட உமர் கானுக்கு வாழ்க்கைப்பட்டார். உமரும் 'அமீரி' என்ற புனைபெயரில் கஸல் எழுதியவர். 1822இல் அவர் இறந்தபோது நாதிராவுக்கு முப்பது வயது. அதன்பின் அவர் எழுதிய பிரிவுக் கவிதைகளே அவருடைய ஆகச் சிறந்தவை என்பேன். உஸ்பெக்கில் நாதிரா, காமிலா என்றும், பாரசீகத்தில் மக்னூனா என்றும் புனைபெயர்கள் வைத்து எழுதினார். நவாயி, ஃபுஸூலி, பேதில் ஆகிய முற்காலக் கவிஞர்களை ஆழ்ந்து கற்றவர் என்பதை அவருடைய கஸல்களே காட்டும்.

பட்டத்துக்கு வந்த மகன் மதாலி கான் அப்போது சிறுவன். ஆட்சியின் பொறுப்பில் பெரும்பங்கு தாயிடம் வந்து சேர்ந்தது. மதரஸாக்களும் சத்திரங்களும் கட்டுவித்தார், ஏடெழுதுவோரையும் கவிஞர்களையும் ஆதரித்தார். மதாலி தன் மாற்றாந்தாயை மணந்துகொண்டதைக் காரணம் காட்டித்தான் நஸ்ருல்லா படையெடுத்து வந்தார். மகனின் குற்றத்துக்குத் தாய் என்ன செய்வார்? நாதிராவையும் அவர் மகன்களையும் பேரனையும் சேர்த்தே கொன்றார்கள். சில மாதங்களில் கோகந்த் மக்கள் எழுந்து புகாராவின் ஆட்களை விரட்டியடித்தார்கள்.

நாதிராவை 'கொலையுண்ட அரசி' என்று மட்டும் சொல்லி நிறுத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. அவர் காலத்துக் கோகந்தில் அவரோடு வேறு பெண்களும் எழுதினார்கள். மர்கிலானைச் சேர்ந்த உவைசி அரண்மனையில் பெண்களுக்குக் கல்வி கற்பித்தவர். மாதுளையைப் பற்றி அவர் எழுதிய நான்கு வரி விடுகதையை உஸ்பெக் மக்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். வாசலும் சாளரமும் இல்லாத ஒரு மாடம். அதற்குள் செந்நிற ஆடை உடுத்திய கன்னியர் குடியிருக்கிறார்கள். மாடத்தை உடைத்து அவர்களை நலம் விசாரித்தால், முகத்தில் திரை போட்டு நிற்கிறார்கள், நெஞ்செல்லாம் ரத்தம். மாதுளை என்று விடை சொல்லிவிட்டு யாராலும் எளிதில் கடந்துபோக முடியாத பாட்டு இது.

இன்னொருவர் தில்ஷோத். இன்று தாஜிகிஸ்தானில் உள்ள ஊராதேபேயை உமர் கான் வென்றபோது சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண் அவர். கோகந்திலேயே தங்கி, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் வீட்டுப் பள்ளி நடத்தி, நூற்றுக்கணக்கான சிறுமிகளுக்கு எழுத்தறிவித்தார். இப்படிக் கற்பிக்கும் பெண்களை அங்கே 'ஒத்தின்' என்பார்கள். தம்மைப்போல் இடம்பெயர்க்கப்பட்டவர்களின் கதையை 'தாரீஹி முஹாஜிரான்' என்ற நூலாகவும் எழுதினார். கணவனை இழந்து நாதிரா பாடிய துயரம் உண்மையானது. அதே கணவனின் படையால் ஊரை இழந்த தில்ஷோதின் துயரமும் உண்மையானது. நாதிராவை மட்டும் படித்தால் அரண்மனையின் குரல்தான் கேட்கும். தில்ஷோதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கோகந்த் முழுதாகத் தெரியும்.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் மொழிபெயர்ப்புப் பக்கங்களில் ரூமிக்கும் ஹாபிஸுக்கும் அடிக்கடி இடம் கிடைக்கிறது. நாதிராவின் பிரிவுக் கஸல்கள் நான்கைந்து, உவைசியின் விடுகதைகள், தில்ஷோதின் நினைவுக் குறிப்பிலிருந்து சில பக்கங்கள் ஆகியவற்றை ஒரே இதழில் வெளியிடுங்கள். பாரசீகமோ துருக்கிய மொழியோ அறிந்தவர்களைக் கொண்டு, மூலத்திலிருந்தே மொழிபெயர்க்கச் செய்தால் இன்னும் நன்று.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருநெல்வேலி