பத்துப் பேருக்கான குப்பியும் பதில் வராத கேள்விகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத் தடுப்பூசியை ஆதரித்தும் எதிர்த்தும் சென்ற இதழில் வந்த இரு கட்டுரைகளையும் படித்தேன். இருவருமே ‘தடுப்பூசி’ என்று பொதுவாகப் பேசிவிட்டார்கள். எந்த ஊசி, எந்த வயதுக்காரருக்கு, தொற்று எப்படிப் பரவிய மாதத்தில் என்று பிரித்துக் கேட்காமல் நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டால், இரு தரப்பும் ஆயுளுக்கும் சண்டை போடலாம்.

எதிர்ப்பாளர்களின் வலுவான வாதத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்: கோவிஷீல்டும் ரத்த உறைவும். இது வதந்தி அல்ல. கோவிஷீல்டு என்பது அஸ்ட்ராஜெனெகா ஊசிக்கு இந்தியாவில் வைத்த பெயர். அதைப்போல அடினோ என்ற வேறொரு வைரஸை வாகனமாகக் கொண்ட ஊசிகளுக்குப் பிறகு மிகச் சிலருக்கு, ரத்தம் உறைய உதவும் அணுக்களான பிளேட்லெட்டில் உள்ள பி.எஃப்.4 என்ற புரதத்துக்கு எதிராகவே உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடுகிறது. அதனால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பக்கம் ரத்தம் உறையும். மறுபக்கம் அவற்றின் எண்ணிக்கை குறையும். பெரும்பாலும் முதல் டோஸுக்குப் பிறகு, 5 நாள் முதல் 30 நாளுக்குள் வரும். பிரிட்டனில் முதல் டோஸ் போட்ட 10 லட்சம் பேரில் சுமார் 15 பேருக்கு வந்தது. முதியோரைவிட இளையவர்களுக்கு அதிகம். அதனால்தான் அங்கே 2021 ஏப்ரலில் 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், மே மாதம் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் வேறு ஊசி பரிந்துரைத்தார்கள். டென்மார்க் அஸ்ட்ராஜெனெகா ஊசியையே நிறுத்திவிட்டது.

நம் நாட்டில் மத்திய அரசு 2021 மே 17 அன்று சொன்ன கணக்கு, 10 லட்சம் டோஸுக்கு 0.61 பேருக்கு உறைவு. தெற்காசியர்களுக்கு ரத்த உறைவு பொதுவாகவே குறைவு என்ற விளக்கமும் கூடவே வந்தது. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் கிராமத்தில் ஒருவருக்கு ஊசி போட்ட பன்னிரண்டாம் நாள் கடும் தலைவலி வந்தால், பிளேட்லெட் எண்ணி, ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் பரிசோதனை பார்த்து, பி.எஃப்.4 பரிசோதனை வரை போகும் வசதி எத்தனை இடத்தில் இருந்தது? தேடாத இடத்தில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் கோவிஷீல்டு போட்டது தவறா? 2021 மே மாதத்தில் தவறில்லை என்பதே என் தீர்மானம். டெல்டா அலை உச்சத்தில் இருந்தது. தமிழகத்தில் ஒரே நாளில் 36,000-க்கு மேல் புதிய தொற்றுகள். மாற்று ஊசிக்குப் போதிய கையிருப்பு இல்லை. கொரோனாவால் இறக்கும் அபாயம் இருபது வயதுக்காரரைவிட எண்பது வயதுக்காரருக்கு நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம் என்பதால், முதியோர் விஷயத்தில் யோசிக்கவே இடமில்லை. இருபத்தைந்து வயதுக்காரருக்கு லாப நஷ்டம் அவ்வளவு தூரத்தில் இல்லை. அவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். கடும் தலைவலி, மங்கலான பார்வை, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தீராத வயிற்றுவலி, கால் வீக்கம், ஊசி போட்ட இடத்துக்கு அப்பால் தோலில் செம்புள்ளிகள்: இவற்றில் எது வந்தாலும் உடனே வா, ஊசி போட்ட தேதியைச் சொல் என்று ஒரு துண்டுச் சீட்டு போதும். ரத்த உறைவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹெபாரின், இந்த வகை உறைவுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்து. ஊசி போட்ட தேதி தெரியாத மருத்துவர் வழக்கமான ரத்த உறைவு என்று நினைத்து அதையே தொடங்கிவிடக்கூடும். மத்திய அரசின் எச்சரிக்கை செய்திக்குறிப்பாக வந்தது உண்மைதான். அது சேர வேண்டிய இடம் ஊசி போட்டுக்கொண்டவரின் கை.

‘ஊசி போட்டவர்கள்தான் ஆஸ்பத்திரியில் அதிகம்’ என்ற வாதம் வேறு வகை. அது பல ஊர்களில் உண்மையாகவே இருந்திருக்கும். அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. எடுத்துக்காட்டுக்கு, ஓர் ஊரில் 1000 முதியோர். 900 பேர் போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் படுக்கையில் விழுகிறார்கள், ஊசி அதை ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்று வையுங்கள். வார்டில் போடாதவர் 10 பேர், போட்டவர் 18 பேர். படுக்கையை மட்டும் எண்ணினால் ஊசி தோற்றதுபோலத் தெரியும். அந்த 900 பேரும் போடாமல் இருந்திருந்தால் 18-க்குப் பதில் 90.

ஆதரவாளர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘நீங்கள் போட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் பரவாது’ என்று அடித்துச் சொன்னது அளவுக்கு மீறிய வாக்குறுதி. ஒமைக்ரான் வந்தபோது போட்டவர்களுக்கும் தொற்றியது, அவர்களிடமிருந்தும் பரவியது. நோய் முற்றிச் சாவதைத் தடுக்கும் என்ற பகுதிதான் நின்றது. முதலிலிருந்தே அதை மட்டும் சொல்லியிருந்தால் நம்பிக்கை இவ்வளவு அடிவாங்கியிருக்காது. கோவேக்சினுக்கும் அப்படித்தான்: மூன்றாம் கட்ட ஆய்வு முடிவு வருமுன்னரே 2021 ஜனவரி 3 அன்று அவசர அனுமதி கொடுத்தார்கள். பின்னர் வந்த முடிவில் நோயைத் தடுக்கும் திறன் 77.8 சதவீதம், நல்ல எண்தான். ஆனால் ஜனவரியில் கேள்வி கேட்டவர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்டார்கள்.

இனி மரணங்கள். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டார். 17 அன்று இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுதும் அடைபட்டிருந்ததாகவும், ஊசி காரணமல்ல என்றும் மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். ஊசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அதையே சொன்ன செய்தி அக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட ஆறு மாதம் வதந்தியின் கையில். இந்தியாவில் 2020-இல் பதிவான இறப்புகள் சுமார் 81 லட்சம், நாளொன்றுக்கு 22,000. கோடிக்கணக்கானோர் ஊசி போடும்போது, போட்ட வாரத்தில் வேறு காரணத்தால் இறப்பவர்கள் இருந்தே தீர்வார்கள். எது தற்செயல், எது ஊசியால் என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பதற்குத்தான் மாவட்ட, மாநில, தேசியக் குழுக்கள் இருக்கின்றன. அவை உண்மையை ஒப்புக்கொள்ளாதவை என்றும் சொல்ல முடியாது: 2021 மார்ச்சில் ஊசி போட்டுக்கொண்ட முதியவர் ஒருவர் இறந்தது தீவிர ஒவ்வாமையால்தான் என்று தேசியக் குழுவே அறிவித்தது. ஊசிக்குப் பின் அரைமணி நேரம் உட்கார வைப்பதும், தீவிர ஒவ்வாமைக்கு முதல் மருந்தான அட்ரினலினை, தொடைத் தசையில் போட 0.5 மி.லி. தயாராக வைப்பதும் இதற்காகத்தான். அரைமணிக்குள் எழுந்து போகிறவரை யாரும் தடுக்காத முகாம், பாதி முகாம்தான்.

குழுக்கள் தடுமாறுவது பிரேதப் பரிசோதனை இல்லாத இடத்தில். குடும்பத்தார் வேண்டாம் என்கிறார்கள், உடல் எரிந்துவிடுகிறது, கோப்பில் ‘வகைப்படுத்த இயலாதது’ என்று விழுகிறது. அந்தக் குடும்பத்துக்கு அது பதிலே அல்ல. அந்தத் தெருவில் அடுத்த முகாமுக்கு ஆள் வருவதும் கஷ்டம்.

ஆள் வராததன் விலையும் கணக்கில் உண்டு. கோவிஷீல்டு குப்பியில் 10 டோஸ். திறந்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிச்சம் குப்பைக்கு. ஏழு பேர் வந்தால் மூன்று டோஸ் போயிற்று. 2021 ஏப்ரல் நடுப்பகுதி வரை தமிழகத்தில் வீணான பங்கு 12.10 சதவீதம். பத்துப் பேர் சேரும்வரை குப்பியைத் திறக்காமல் காக்க வைத்தால் வந்தவரும் திரும்பிப் போவார். இந்தச் சிக்கலைக் களத்தில் நின்று தீர்த்தவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். இரு கட்டுரைகளிலும் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

கட்டாயம் பற்றிச் சுருக்கமாக. 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது. அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றதல்ல என்றும் சொன்னது. அவரவர் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே தீர்ப்பில், பக்கவிளைவுகளைப் பொதுமக்களும் மருத்துவர்களும் நேரடியாகப் பதிவு செய்ய இணைய வசதி வேண்டும் என்ற உத்தரவும் இருக்கிறது. அதை உங்கள் இரு கட்டுரையாளர்களும் தொடவில்லை. அந்த வசதி இருக்கிறதா, கிராமத்தில் ஒருவர் தமிழில் அதைப் பயன்படுத்த முடிகிறதா, பதிவு செய்தவருக்கு எத்தனை நாளில் பதில் வருகிறது என்று உங்கள் செய்தியாளர் ஒருவரை அனுப்பி விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், மன்னார்குடி